காற்று வாராது என்றவர்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், இலக்கண வகுப்பு முடிந்து ஏட்டை மூடும் வேளையில், மாணவன் ஒருவன் தன் கைபேசியை என் முன்னே நீட்டினான். "ஐயா, இதைப் பாருங்க, நல்ல பகிடி" என்றான். உள்ளங்கையளவு திரையிலே, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஆங்கிலேயர் ஒருவர் தேசப்படம் ஒன்றன் முன்னின்று பேசினார். அரை நிமிடமும் இல்லாத பேச்சு. பெண்மணி ஒருவர் பி. பி. சி. நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, சூறாவளி வருவதாகக் கேள்விப்பட்டேன் என்றாராம். அம்மையார் இதனைப் பார்த்துக்கொண்டிருப்பாராயின் கவலற்க, அப்படி ஒன்றும் வரவில்லை. ஆயினும் காற்று பலமாகத்தான் இருக்கும், அதிற் பெரும்பகுதி ஸ்பெயின், பிரான்ஸ் பக்கமாகப் போய்விடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்றிரவே இங்கிலாந்தின் தென்பாகம் காற்றால் அழிந்தது என்று மாணவன் கூறவும் வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

அவர் பெயர் மைக்கல் பிஷ். பிஷ் என்பது தமிழில் மீன் எனப் பொருள்படும். மீன் பாடும் வாவிக்கரையிற் பிறந்த எனக்கு அப்பெயர் முதற் கேள்வியிலேயே மனத்தில் நின்றுவிட்டது. அவர் 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஈஸ்ற்போண் என்னும் பட்டினத்திற் பிறந்தவர். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாகக் கடலுள் இறங்கும் பீச்சி ஹெட் என்னும் முனை அவ்வூரின் அருகே உள்ளது. கடலோரத்துப் பிள்ளைக்கு வானத்தை அண்ணாந்து பார்க்க ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மீன்பிடிகாரன் தோணியைத் தள்ளுமுன் மேற்கே பார்ப்பதையும், துணி உலர்த்தும் பெண் கிழக்கே பார்ப்பதையும் கண்டு கண்டே பிள்ளைக்கு அவ்வழக்கம் படிந்துவிடும். இஃது என் ஊர்ப் பழக்கங்கொண்டு யான் சொல்வது. ஈஸ்ற்போணிலும் கடல் கடலே அன்றோ!

1953 ஆம் ஆண்டு, ஜனவரி முடிந்து பெப்ரவரி பிறக்கும் இரவிலே, வடகடல் பொங்கி இங்கிலாந்தின் கீழ்கரையை மூடிற்று. 307 பேர் அந்நாட்டில் மாண்டனர். அக்காலை மைக்கல் பிஷ் ஒன்பதாம் வயதில் நடந்துகொண்டிருந்த சிறுவர். அவ்வெள்ளம் அவருடைய ஊரைத் தொடவில்லை. எனினும் அத்தேசத்துப் பிள்ளைகளெல்லாம் அவ்வாண்டிலே கடலையும் காற்றையும் வேறு கண்கொண்டு பார்த்திருப்பர். கடற்பெருக்கை முன்கூட்டி அறிவிக்கும் சேவையொன்று அவ்வழிவின் பின்னரே அங்கு அமைக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கானோர் அழுத பின்னர்தான் அரசுகள் அளவுகோலைக் கையில் எடுக்கும். இஃது எந்நாட்டுக்கும் பொதுவான வழக்கம்.

பதினெட்டாம் வயதில், 1962 இல், அவர் பிரித்தானிய வளிமண்டலவியல் நிலையத்திற் சேர்ந்தார். 1974 முதல் தொலைக்காட்சியில் தோன்றலானார். 2004 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓய்வு பெறும்வரை முப்பது ஆண்டுகள் அத்திரையில் நின்றார். பலர் நினைப்பதுபோல அவர் நடிகரும் அல்லர். செய்தி வாசிப்பவரும் அல்லர். அரசாங்க உத்தியோகத்தர், வளிமண்டலவியலைக் கற்று, தேசப்படத்தைத் தாமே ஆராய்ந்து, கண்டதைத் தம் வாயாற் சொல்லும் கடமை பூண்டவர். அங்கே அத்தொழிலுக்கு எழுதிவைத்துப் படிக்கும் வழக்கமில்லை. மனத்தில் உள்ளதை இரண்டொரு நிமிடத்துள் தங்குதடையின்றிப் பேசி முடித்தல் வேண்டும். கவியரங்கில் நின்று சமுத்தி பாடிய நம் புலவர்களின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை எழுகின்றது. பாட்டுப் பிழைத்தால் சபைதான் சிரிக்கும் என்பதே வேறுபாடு.

வானிலையைத் திரையில் உரைக்கும் தொழில் அங்கே எவ்வாறு தோன்றியது என்பதும் சுவையான வரலாறு. 1936 இல் பி. பி. சி. தொலைக்காட்சி தொடங்கியபோதே தேசப்படம் ஒன்றைக் காட்டி, ஆளைக் காட்டாமல் குரலை மாத்திரம் ஒலிக்கச் செய்து பார்த்தனர். போர் மூண்டது, தொலைக்காட்சி நின்றது. 1954 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் தேதி மாலை, எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், ஜோர்ஜ் கௌலிங் என்னும் முப்பத்துமூன்று வயது உத்தியோகத்தர் தாங்கியில் மாட்டிய படத்தின் முன் வந்து நின்றார். ஆளாக நின்று வானிலை உரைத்தவர்களுள் அந்நாட்டில் அவரே முதல்வர். நாளை காற்று வீசும், துணி துவைத்து உலர்த்த நல்ல நாள் என்று அவர் கூறியது இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அமுக்கக் கோடுகளும் வெப்பநிலை எண்களும் நிறைந்த ஒரு சாத்திரத்தை ஈரத்துணியோடு இணைத்துப் பேசத் தெரிந்தவர் நல்லாசிரியர் என்பதே என் மதிப்பு. பின்னர்க் காந்தத்தால் ஒட்டும் மேகங்களும் சூரியன்களும் வந்தன. அவை சிலவேளை கழன்று விழுந்தும் வேடிக்கை காட்டின. 1985 இல் கணினிப் படங்கள் வந்தன. அதன் பின்னர், உரைப்பவர் வெறுஞ் சுவர் ஒன்றன் முன்னின்று, பக்கத்துத் திரையை ஓரக்கண்ணாற் பார்த்துக்கொண்டு, இல்லாத நாட்டை விரலாற் சுட்டலானார். அவர் காணாததை நாம் காண்கிறோம். நாம் காணாததை அவர் காண்டல் வேண்டும்.

நிற்க. இத்தொழிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் 'ஃபோர்காஸ்ற்' என்பது. முன்னே வீசுதல் என்பது அதன் சொற்பொருள். பழைய சொல்லொன்றை எடுத்து வானிலைக்கு உரியதாக்கியவர் றொபேட் பிற்ஸ்ரோய் என்னும் கடற்படைத் தளபதி. டார்வினைச் சுமந்து 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் அவரே. 1854 இல் வளிமண்டலவியல் நிலையத்தைத் தோற்றுவித்துத் தலைமை பூண்டவரும் அவரே. 1859 ஆம் ஆண்டு அக்டோபரில் றோயல் சாட்டர் என்னும் கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையருகே புயலிற் சிக்கி உடைந்தது. அதிலே 450 பேரளவில் மாண்டனர். தந்திக் கம்பி இருக்க, ஓரிடத்துக் காற்றை மற்றோரிடத்துக்கு அக்காற்று சென்றடையுமுன் அறிவித்தல் ஆகாதா என்று பிற்ஸ்ரோய் எண்ணினார். 1861 இல் துறைமுகங்களுக்குப் புயற்குறி அனுப்பத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாம் தேதி அவருடைய முதல் வானிலைக் குறிப்பு 'தி ரைம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது.

தாம் உரைப்பது தீர்க்கதரிசனமும் அன்று, ஆரூடமும் அன்று என்பதிலே அவர் பெரிதும் கவனமாக இருந்தார். அதனாலேயே சொல்லையும் தேர்ந்தெடுத்தார். ஆயினும் உலகம் அவ்வேறுபாட்டை நோக்கிற்றில்லை. குறி தப்பிய நாளெல்லாம் எள்ளி நகையாடிற்று; தப்பாத நாளை மறந்தது. கடனும் நோயும் மனத்துயரும் ஒருங்கே வருத்த, 1865 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் தேதி அவர் தம் கையாலேயே உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய வானிலைக் குறிப்புகள் நிறுத்தப்பட்டன. புயற்குறிகளையும் நிறுத்தினர், ஆனால் அவை இல்லாமற் கடலோடிகளால் இருக்க இயலாமையின் 1867 இல் மீண்டும் தொடங்கினர். 2002 இல், கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பிலே ஒரு கடற்பரப்புக்குப் பிற்ஸ்ரோய் என்று பெயர் சூட்டினர். 137 ஆண்டு கழித்து நீட்டிய கை!

நம் நாட்டிலே இதனை 'எதிர்வுகூறல்' என்கிறோம். தமிழகத்தார் 'முன்னறிவிப்பு' என்பர். தொல்காப்பியத்திலே காலம் மூன்றென உரைக்குமிடத்து, வருங்காலத்துக்கு 'எதிர்வு' என்ற சொல்லே வருகின்றது. எதிரே வருவது எதிர்வு. முன்னறிவிப்பு என்பதில், அறிந்துவிட்டேன் என்னும் உறுதி தொனிக்கின்றது. எதிர்வுகூறல் என்பதிலோ, எதிரே வருவதொன்றை நோக்கி நிற்பவனின் தோற்றம் உண்டு. ஊர்ப்பற்றால் இதனைக் கூறினேன் என்று எவரேனும் கருதின் அதனையும் ஒப்புக்கொள்வேன். வேங்கை மரத்துக்குக் 'கணி' என்றொரு பெயர் உண்டு. அது பூக்கும் பருவங்கண்டு குறவர் தினை கொய்யும் நாளை அறிந்தனர் என்பதனால் வந்த பெயர். மரம் பூத்ததே யன்றி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆதலின் அதனைப் பழித்தாரும் இலர்.

இனி அந்த நாளுக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டு அக்டோபர் 15, வியாழக்கிழமை. நண்பகற் செய்தியின் பின்னரே மைக்கல் பிஷ் மேற்கூறிய சொற்களைக் கூறினார். வாரத் தொடக்கத்திலேயே, வியாழன் வெள்ளியிற் கொடுங்காற்று வரக்கூடும் என்று அந்நிலையத்தார் எச்சரித்திருந்தனர். ஆனால் நாள் நெருங்க நெருங்கக் கணினி காட்டிய வழி சற்றே தெற்கே விலகிற்று. பிஸ்கே விரிகுடாவிலிருந்து கிடைத்த அவதானிப்புகள் சொற்பம். காற்றுப் பிறந்து வளர்ந்த இடத்திலே அதனை அளப்பார் இலராயின் கணினிதான் என்செய்யும்! நள்ளிரவு கழிந்து, 16 ஆம் தேதி விடியுமுன், ஊர் உறங்குகையிற் காற்று கரையேறியது. ஷோரம் என்னும் கடலோரப் பட்டினத்தில் மணிக்கு 115 மைல் வேகத்தில் ஒரு வீச்சுப் பதிவாயிற்று. பிஷ் பிறந்த சசெக்ஸ் நாட்டுக் கரையே அது. இங்கிலாந்தில் 18 பேரும் பிரான்சில் நால்வரும் மாண்டனர். ஒரு கோடியே ஐம்பது லட்சம் மரங்கள் விழுந்தன. 'ஏழு ஓக்கு மரங்கள்' எனப் பொருள்படும் செவனோக்ஸ் என்னும் ஊரிலே, பெயருக்கு ஏற்ப நின்ற ஏழு மரங்களுள் ஆறு சாய்ந்தன. பெயர் மாத்திரம் சாயவில்லை.

காலையில் எழுந்த தேசம் குற்றவாளியைத் தேடியது. முந்திய மாலை அறிவித்தவர் வேறொருவர், கணித்த கூட்டத்தார் பலர், கணினியும் உடன்பட்டது. ஆயினும் "கவலற்க" என்ற முகம் ஒன்றே எல்லார் மனத்திலும் நின்றது. பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. தாம் குறித்தது அட்லாண்டிக்கின் மறுகரையில் ஃபுளோரிடாவைத் தாக்கிய சூறாவளியையே என்று அவர் பின்னாளிற் கூறினார். அதனைக் கேட்டாரும் சிலர், நம்பினார் அதனினும் சிலர்.

பண்டிதன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். அவர் சொன்னது சொல்லளவில் மெய்யே. 'ஹரிக்கேன்' என்பது வெப்பவலயத்துச் சூடான கடலிற் பிறக்கும் சுழல்காற்று. இங்கிலாந்தைத் தாக்கியதோ குளிர்காற்றும் வெங்காற்றும் மோதும் இடைவலயத்திற் பிறந்த தாழமுக்கம். இரண்டும் வெவ்வேறு சாதி. நம் 'புயல்' என்ற சொல்லும் பழைய நூல்களில் மேகத்தையே குறித்தது. இன்று அது காற்றுக்குப் பெயராகிவிட்டது. 'சைக்குளோன்' என்ற சொல்லைப் படைத்தவரோ கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர். வங்கக் கடலின் காற்றுகளைக் கண்டு, பாம்பின் சுருளை நினைத்து, கிரேக்க மொழியிலிருந்து அதனை ஆக்கினார் என்பர். இவற்றையெல்லாம் வகுப்பிலே விரித்துரைக்கலாம். கூரை பறந்தவனிடம் சென்று, உன் கூரையைப் பறித்தது ஹரிக்கேன் அன்று, தாழமுக்கம் என்று இலக்கணம் கூறினால் அவன் நம்மை என்னவென்று நினைப்பான்? சொல்லால் மெய்யும் பொருளாற் பொய்யுமாகிய கூற்றுக்கு இதனினும் தக்க உதாரணம் யான் கண்டதில்லை.

என் தந்தையாரும் அவ்வாறு ஒருகால் கூறினார்.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் தேதி. எனக்கு வயது எட்டு. தொலைக்காட்சி என்பது இலங்கைக்கு வராத காலம்; அடுத்த ஆண்டுதான் வந்தது. எங்கள் ஒழுங்கையில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகள் இரண்டோ மூன்றோ. தந்தையார் ஆசிரியர். பஞ்சாங்கம் பார்ப்பவர், நாலு புத்தகம் படித்தவர் என்ற காரணத்தால், நாற்று நடுவதற்கும் வீட்டுக்கு நிலைவைப்பதற்கும் அயலார் அவரையே கேட்பர். அன்று காலைமுதல் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வாடைக்காற்று இடைவிடாது வீசியது. பிற்பகலிலே பக்கத்து வளவு மாமி வேலியருகே வந்து நின்றார்.

"வாத்தியார், புயல் வருகுதெண்டு கதைக்கிறாங்களே, மெய்யா?"

தந்தையார் சாய்மனைக் கதிரையிலிருந்து எழவில்லை. "அது கடலுக்குள்ளால போயிடும் பிள்ளை. பயப்படாமப் போய்ப் படு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. முந்திய ஆண்டுகளிலே அவ்வாறு எத்தனையோ காற்றுகள் வடக்கே போயின. அஞ்சி வந்த ஒரு பெண்ணை அமைதிப்படுத்துவதே தம் கடன் என்று நினைத்தார். இதனை இன்று யான் நன்கு அறிவேன். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவனுக்கு, கேட்பவர் முகத்தைக் கண்டதும் விடை சொல்லிவிட வேண்டும் என்ற நாவின் அரிப்பு எத்தகையது என்று தெரியும்.

அந்தி மயங்கியதும் காற்றின் குரல் மாறியது. ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் ஓசையை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறிவிட்டேன். அம்மா எங்களைக் கட்டிலின் கீழே தள்ளித் தாமும் புகுந்துகொண்டார். இடையிலே சற்றுநேரம் எல்லாம் ஓய்ந்தது. முடிந்தது என்று தந்தையார் கதவைத் திறந்தார். அவ்வளவில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் வந்தது. விடிந்தபோது எங்கள் வளவில் ஒரு தென்னையும் நிமிர்ந்து நிற்கவில்லை. ஒழுங்கை இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்து வளவு வெளியாகக் கிடந்தது. மாமியும் பிள்ளைகளும் பிழைத்தனர். மாமியின் தாயார், எனக்கு நாள்தோறும் வேலிக்கு மேலாற் பிட்டு நீட்டும் ஆச்சி, மண்சுவரின் கீழே கிடந்தார். மட்டக்களப்பிலும் அயல் மாவட்டங்களிலும் அக்காற்றால் இறந்தவர் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர் என்பது பிற்காலத்து யான் படித்தறிந்த கணக்கு. அன்று எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்குப் போயிருந்தால் ஆச்சி பிழைத்திருப்பார் என்று எவரும் தந்தையாரிடம் கூறவில்லை. கூறியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவரைத் தேடி எந்தப் பத்திரிகையும் வரவில்லை. அவர் சொல்லைப் பதிவுசெய்த ஒளிநாடாவும் இல்லை. வேலியருகே நின்ற எட்டு வயதுச் சிறுவன் ஒருவனே சாட்சி. அவர் இறக்குமளவும் அச்சிறுவனும் அதனைப் பேசவில்லை.

மைக்கல் பிஷ்ஷுக்கோ அந்த நன்மை கிடைக்கவில்லை. அவருடைய அரை நிமிடம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அதனை உலகத்துக்கே காட்டினர். 2017 இல் இங்கிலாந்து வங்கியின் தலைமைப் பொருளியலாளர், தம் துறையினர் 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியைக் காணத் தவறியதை 'மைக்கல் பிஷ் கணம்' என்று கூறினார். ஒரு மனிதர் தாம் உயிரோடிருக்கும்போதே மரபுத்தொடர் ஆகிவிட்டார். அதுவும் பிழைக்கு மறுபெயராக. முப்பது ஆண்டுகளில் அவர் உரைத்த மற்றை ஆயிரக்கணக்கான உரைகள் எங்கே? மெய்யான மழை மெய்யாகவே பெய்து மண்ணுள் இறங்கிவிட்டது.

அவரும் அந்நிலையத்தாரும் அக்காற்றிலிருந்து கற்றுக்கொண்டனர் என்பதையும் கூறல் வேண்டும். விசாரணை நடந்தது. கடல்மீது அவதானிப்புகள் பெருக்கப்பட்டன. கொடிய வானிலைக்கென்று தேசிய எச்சரிக்கைச் சேவை ஒன்று அமைக்கப்பட்டது. இலண்டன் கியூ பூங்காவிலே, இருநூறு ஆண்டை எட்டிக்கொண்டிருந்த ஓக்கு மரம் ஒன்றைக் காற்று வேரோடு தூக்கி, மீண்டும் அதே குழியில் வைத்துவிட்டுப் போயிற்று. பட்டுப்போகும் என்று எண்ணித் தோட்டக்காரர் அதனைக் கவனியாது விட்டனர். சில ஆண்டின் பின் நோக்க, முன்னிலும் செழித்து நின்றது! நெடுங்காலம் மனிதர் மிதித்து இறுகிய மண்ணைக் காற்று இளக்கிவிட்டதே காரணம் என்று கண்டனர். பெருமரங்களின் வேர்மண்ணை இளக்கிவிடும் முறை அதன்பின் அங்கே வழக்கமாயிற்று.

பிஷ்ஷும் திரைக்குத் திரும்பினார் என்பதையே யான் பெரிதாக மதிக்கின்றேன். ஒளிந்துகொள்ளவில்லை, மேலும் பதினேழு ஆண்டுகள் அதே தொழிலைச் செய்தார். சிரித்தவர்களே மறுநாட் குடையெடுப்பதா என்று அவரைக் கேட்டனர்.

அடுத்த கார்த்திகையில், புதிதாக வேய்ந்த கிடுகு வேலியருகே மாமி மறுபடியும் வந்து நின்றார். வானம் கறுத்துக் கிடந்தது. அவர் முகத்திலே கோபம் இல்லை, முன்போலவேதான் கேட்டார்.

"வாத்தியார், இந்த முறை எப்படி?"

தந்தையார் கதிரையை விட்டு எழுந்து முற்றத்துக்கு இறங்கினார். நெடுநேரம் வடகிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் உள்ளே சென்று வானொலிப் பெட்டியைத் தூக்கிவந்து, வேலியோரத்து வாங்கின்மேல் வைத்து, ஒலியைக் கூட்டினார். செய்தி வேளை வருமளவும் இருவரும் ஒன்றும் பேசாமல் நின்றனர்.